படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மணிக்கும் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கான பக்கம் இது. நடுராத்திரியில் விழிப்பு வருவதும், விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்துவிடுவதும் கொஞ்சம் வேறு கதை. இங்கே பேசப்போவது பெரும்பாலும் படுத்தபின் கண் சொக்காத தொல்லையைப் பற்றித்தான். நான் மருத்துவர் இல்லை. ஒன்றரை வருஷம் இந்தத் தொல்லையோடு கிடந்து, படித்து, ஒரு மருத்துவரைப் பார்த்து, மெல்ல வெளியே வந்த ஆள். அதற்கப்புறம் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை.

படுத்து எத்தனை நிமிஷத்தில் தூங்க வேண்டும்? எப்போது இதை ஒரு கோளாறு என்று சொல்வது?

பத்து முதல் இருபது நிமிஷம் ஆவது சாதாரணம். தலை சாய்ந்ததும் தூங்கிவிடுகிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் பலர் உண்மையில் தூக்கம் போதாதவர்கள். அரை மணிக்கு மேல் ஆவது, வாரத்தில் 3 இரவாவது அப்படி நடப்பது, மூன்று மாதமாகத் தொடர்வது, அதனால் பகல் கெட்டுப்போவது: இவை நான்கும் சேர்ந்தால் மருத்துவர்கள் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். நான்காவதை மறக்க வேண்டாம். ஆறு மணி நேரமே தூங்கி, பகலெல்லாம் தெளிவாக வேலை செய்கிறவருக்கு எந்த நோயும் இல்லை. பரீட்சை, சாவு வீடு, புது ஊர் என்று நாலு நாள் தூக்கம் தள்ளிப்போவது எல்லாருக்கும் நடப்பதுதான், தானாகவே சரியாகிவிடும்.

உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லையே, ஏன்?

அசதி வேறு, தூக்கக் கலக்கம் வேறு. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. அசதி என்றால் கை கால் ஓய்வு கேட்கிறது. தூக்கக் கலக்கம் என்றால் இமை கனக்கிறது, வாசித்த வரியையே மறுபடி வாசிக்கிறோம், தலை ஆடுகிறது. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் படுத்தால் ஓய்வு கிடைக்கும், தூக்கம் கிடைக்காது.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் சேர்ந்து கொண்டுவருகின்றன. இதை 1982ல் அலெக்சாண்டர் போர்பேய் என்ற ஆய்வாளர் ஒரு சித்திரமாக வரைந்து காட்டினார், இன்றும் அதுதான் அடிப்படை. முதலாவது தூக்கப் பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது, அது சேரச்சேரக் கண் சொக்குகிறது. ‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கி எழுந்தவருக்கு ராத்திரி பஞ்சுமெத்தை போட்டாலும் தூக்கப் பசி இருக்காது. நொறுக்குத்தீனி தின்றவன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மாதிரி.

இரண்டாவது உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியைவிடச் சிறிய ஒரு நரம்புக்கூட்டமாக அது உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிகாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் அது நம்மை மிகப் பலமாக விழிக்கவைக்கிறது. ஆகவே தினமும் பதினொன்றரைக்குத் தூங்குகிறவர், ‘இன்றைக்காவது சீக்கிரம்’ என்று ஒன்பது மணிக்குப் படுத்தால், நாளிலேயே தூக்கம் வரக் கடினமான நேரத்தைத் தேடிப்பிடித்துப் படுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு கவலையில்தான் ஆரம்பித்தது. கவலை தீர்ந்துவிட்டது, தூக்கம் மட்டும் திரும்பவில்லையே?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. என் கதையும் இதுவே. வேலை போகும் போலிருந்த இரண்டு மாதத்தில் தூக்கம் போயிற்று. வேலை தப்பித்தது, தூக்கம் தப்பிக்கவில்லை.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் தூக்கமின்மையை மூன்று பங்காகப் பிரித்தார். சிலருக்கு இயல்பிலேயே லேசான தூக்கம், அது முதல் பங்கு. தொடங்கிவைக்கும் சம்பவம் இரண்டாவது: கடன், நோய், பிரசவம், இடமாற்றம். மூன்றாவது, அந்தச் சில இரவுகளை ஈடுகட்ட நாமே செய்யும் காரியங்கள். சீக்கிரம் படுப்பது, விடிந்தும் புரண்டுகொண்டிருப்பது, மத்தியானம் ஒரு தூக்கம், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை படுக்கை, சாயங்காலம் இன்னொரு காபி. சம்பவம் முடிந்துபோகிறது. இந்தப் பழக்கங்கள் தங்கிவிடுகின்றன, நோயை அவைதான் ஓட்டிக்கொண்டு போகின்றன.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. தினமும் ரெண்டு மணி நேரம் படுக்கையில் விழித்துக்கிடந்து தவித்தால், படுக்கை என்பது தவிக்கும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது. இதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. கூடத்தில் டி.வி. முன்னால் தலை தொங்கத் தூங்கி விழுகிறவர், எழுந்துபோய்ப் படுக்கையில் சாய்ந்ததும் பளிச்சென்று விழித்துக்கொள்கிறார். ‘உங்களுக்கு அப்படி நடக்கிறதா?’ என்று மருத்துவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அப்படியானால் சீக்கிரம் படுத்து ஓய்வெடுப்பது தப்பா?

தூக்கம் வராதவருக்குத் தப்பு. தூக்கம் இழுத்து வரும் பொருள் இல்லை, எவ்வளவு முயற்சி செய்கிறோமோ அவ்வளவு விலகிப்போகும். நாம் செய்யக்கூடியது வழிவிடுவது. அதற்கு ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972ல் வகுத்த முறை ஒன்று இன்றுவரை செல்லுபடியாகிறது. கேட்க எளிது, செய்யத்தான் கஷ்டம்.

கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குப் போங்கள், மணி பார்த்துப் போகாதீர்கள். படுத்து இருபது நிமிஷம் போலத் தோன்றியும் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சாவகாசமான வேலை செய்யுங்கள்: பழைய வார இதழ் புரட்டுவது, துணி மடிப்பது, நாளைக்குக் கீரை ஆய்ந்துவைப்பது. மறுபடி கண் சொக்கும்போது போய்ப் படுங்கள். வராவிட்டால் மறுபடி எழுங்கள். ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே மணிக்கு எழுந்திருங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். படுக்கையில் சாப்பாடு, கணக்கு வழக்கு, போன், சண்டை எதுவும் வேண்டாம். தூக்கமும் தாம்பத்தியமும் மட்டும்.

இருபது நிமிஷத்தைக் கடிகாரம் பார்த்து அளக்காதீர்கள். ஒவ்வொரு முறை மணி பார்க்கும்போதும் ‘இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு’ என்று மனசு கணக்குப் போடும். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரே அறை. பாயை விரித்தால் எல்லாரும் வரிசையாகப் படுக்கிறோம். எழுந்து எங்கே போவது?

இந்த அறிவுரையை எழுதியவர்கள் தனிப் படுக்கையறை உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அறையை விட்டுப் போவதல்ல முக்கியம், படுத்த நிலையை விடுவதுதான். எழுந்து சுவரில் சாய்ந்து உட்காருங்கள். சமையற்கட்டு வாசற்படி, திண்ணை, மாடிப்படி எதுவும் உதவும். தலையணையை மட்டும் பாயிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மற்றவர்கள் தூக்கம் கெடும் என்றால் விளக்குப் போடாமல் சும்மா உட்கார்ந்திருங்கள். சலிப்பும் ஒரு மருந்துதான். பாயிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. பகலில் சுருட்டி வைத்துவிடுவதால், கட்டில்காரர்களைப் போல அதில் சாயங்காலமே போய்ச் சாய முடியாது.

படுக்கை நேரத்தைக் குறைத்தால் தூக்கம் வரும் என்கிறார்கள். எப்படி?

ஒரு வாரம் குறிப்பெடுப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் போதும். எப்போது படுத்தேன், சுமாராக எப்போது தூங்கினேன், எப்போது எழுந்தேன் என்று காலையில் எழுதுங்கள், ராத்திரியில் அல்ல. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்து, சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான் தூங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படுத்திருந்த நேரத்தில் 69 சதவீதம்தான் தூக்கம்.

இனி அந்த ஐந்தரை மணி நேரத்தை மட்டுமே படுக்கைக்குக் கொடுங்கள். ஆறு மணிக்கு எழ வேண்டும் என்றால் பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் யாரும் போக வேண்டாம். முதல் வாரம் கொடுமையாக இருக்கும். பத்தரைக்கே கண் சொக்கும், சோபாவில் விழாமல் இருப்பதே பெரிய போராட்டம். நான் அந்த நாட்களில் பதினோரு மணிக்குப் பாத்திரம் தேய்த்தேன், வீட்டில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. பத்துப் பதினைந்து நாளில் படுத்ததும் தூக்கம் பிடிக்க ஆரம்பித்தது. படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்குகிறீர்கள் என்று குறிப்பு காட்டினால், வாரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். அப்படியே மெல்ல ஆறரை, ஏழு மணி நேரம் வரை போகலாம்.

இதையும் பூட்சின் முறையையும், தூக்கத்தைப் பற்றிய பயத்தைக் கையாளுவதையும் சேர்த்துத்தான் ‘சி.பி.டி.-ஐ’ (CBT-I, தூக்கமின்மைக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சை) என்கிறார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016லேயே சொல்லிவிட்டது. நம் ஊர்க் கிளினிக்குகளில் இன்னும் மாத்திரைச் சீட்டுதான் முதலில் வருகிறது.

எல்லாரும் இதைச் செய்யலாமா?

கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், இருமுனை மனநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தூக்கத்தில் நடப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் படுக்கை நேரத்தைக் குறைக்க வேண்டாம். பஸ், லாரி ஓட்டுகிறவர்களும் உயரத்தில் நின்று வேலை செய்கிறவர்களும் அப்படியே. மற்றவர்களும் முதல் இரண்டு வாரம் பைக்கில் தூர ஊர் போவதைத் தவிருங்கள்.

படுத்ததும்தான் மனசு ஓட ஆரம்பிக்கிறது. எப்படி நிறுத்துவது?

நிறுத்த முடியாது. நேரத்தை மாற்றலாம். பகல் முழுக்க ஆபீஸ், டிராபிக், பிள்ளைகள் ஹோம்வொர்க், கையில் போன். மனசுக்குப் பேச ஆள் கிடைப்பதே விளக்கணைத்த பிறகுதான். அதனால் சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு ஒரு கால் மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு தாளில் கவலையை எழுதி, எதிரே அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். ‘பாப்பா பீஸ்: திங்கட்கிழமை மாமாவுக்குப் போன் பண்ணணும்.’ அவ்வளவுதான். 2018ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், படுக்குமுன் ஐந்து நிமிஷம் வரப்போகும் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். முடிக்காத காரியம்தான் மனசில் குடைகிறது, தாளில் ஏறிவிட்டால் கொஞ்சம் அடங்குகிறது.

இன்னொரு வழி கேட்க வேடிக்கையாக இருக்கும். விக்டர் ஃபிராங்க்ல் என்ற வியன்னா மனநல மருத்துவர் சொன்னது: தூங்க முயலாதீர்கள், விழித்திருக்க முயலுங்கள். இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு, ‘இன்னும் கொஞ்ச நேரம் தூங்க மாட்டேன்’ என்று கிடங்கள். தூக்கம் வராதோ என்ற பயம்தான் பலருக்கு விழிப்பே. அந்தப் பயத்துக்கு வேலை இல்லாமல் போகும்போது உடம்பு தளர்ந்துவிடுகிறது. எனக்கு இது பாதி நாள் பலித்தது, மீதி நாள் பலிக்கவில்லை.

மூச்சை மெல்ல நீளமாக விடுவது, ஜபம் சொல்வது, காலிலிருந்து தலைவரை ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்துவது எல்லாமே நல்லவைதான். ‘தூக்கம் வந்துவிட்டதா’ என்று நடுவில் எட்டிப்பார்க்காமல் செய்ய வேண்டும்.

சாயங்காலக் காபியை விட முடியாது. விட்டே ஆக வேண்டுமா?

அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது, அதனால்தான் தூக்கப் பசி தெரியாமல் போகிறது. உடம்பில் போன காபீனில் பாதி கரைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக்கு 100 மில்லிகிராம் உள்ளே போனால் ஒன்பது மணிக்கு 50, விடிகாலை இரண்டு மணிக்கும் 25 மிச்சம். இது சராசரிக் கணக்குதான். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் பிரசவம் நெருங்கியவர்களுக்கும் இன்னும் மெதுவாகக் கரையும். புகைபிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் கரையும். அதற்காகச் சிகரெட்டைத் தொட வேண்டாம், நிகோடினும் தூக்கத்தைக் கெடுப்பதுதான்.

‘ராத்திரி பத்து மணிக்கு டிகாக்ஷன் குடித்தாலும் தூங்குவேன்’ என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் உடம்பு வேறு. உங்களுக்குத் தூக்கம் வராதபோது அவர்களைப் பார்த்துப் பயனில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். டீயிலும் காபீன் உண்டு, பொதுவாகக் காபியைவிடக் குறைவு. சிக்கரியில் இல்லை, அதனால் தூளில் அதன் பங்கு கூடினால் காபீன் குறையும். சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்ட சுக்குக் காபிக்கு மாறலாம். சில கடைகளில் அதிலும் காபித்தூள் போடுகிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

போன்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

ஓரளவு. கண்ணுக்குள் நீல வெளிச்சத்துக்கு மிகவும் கூசும் செல்கள் இருக்கின்றன, அவை நேராக அந்த உள்கடிகாரத்துக்குச் சேதி அனுப்புகின்றன. ஆனால் ஒரு சின்னத் திரையின் வெளிச்சத்தைவிட, அதில் ஓடுவதுதான் பெரிய தொல்லை என்று நினைக்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொத்துப் பேச்சு ஓடினால் திரையை எவ்வளவு மஞ்சளாக்கினாலும் தூக்கம் வராது. போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள், எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்குங்கள்.

பலர் விட்டுவிடுவது காலை வெளிச்சத்தை. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இருபது முப்பது நிமிஷம் வெளியே இருப்பது, ராத்திரித் தூக்கத்தை முன்னால் இழுக்கிறது. வாசல் தெளித்துக் கோலம் போடுவதற்கும், பால் வாங்க நடந்து போவதற்கும் இப்படி ஒரு லாபம் உண்டு.

சூடான பால், ஜாதிக்காய், எண்ணெய்க் குளியல்… இதெல்லாம் வேலை செய்யுமா?

பால் குடிப்பதால் கெடுதல் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் செய்யும் பழக்கம் என்ற அளவில் உதவும். அதில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள் போடுவதும் சரி. சிட்டிகை என்பதை மட்டும் மீறாதீர்கள். முழுக்காயை அரைத்துக் குடித்தால் நெஞ்சு படபடப்பு, வாய் வறட்சி, மனக்குழப்பம் வரை போகும்.

குளியலுக்கு நல்ல காரணம் இருக்கிறது. தூங்கப்போகும்போது உடம்பின் உள்சூடு இறங்க வேண்டும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷம் குளித்தால், கை கால் ரத்தக்குழாய்கள் விரிந்து சூடு வெளியே போகிறது, உள்சூடு இறங்குகிறது. படுக்கும் நேரத்தில் ஆவி பறக்கக் குளித்தால் எதிர்மாறாகிவிடும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் தூங்கக் கூடாது என்று பாட்டிகள் விரட்டுவார்களே, அவர்கள் சொன்ன காரணம் எதுவானாலும், அன்றைக்கு ராத்திரித் தூக்கம் நன்றாக இருந்ததற்கு அந்த விரட்டலும் ஒரு காரணம்.

பகலில் சாய்ந்தே ஆக வேண்டும் என்றால் மூன்று மணிக்குள், இருபது நிமிஷம். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு பெக் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறதே?

வரும். அப்புறம் பின்னிரவு முழுக்கத் துண்டு துண்டாகும், குறட்டை கூடும், சில வாரத்தில் ரெண்டு பெக் மூன்றாகும்.

சித்திரை வெக்கையில் எப்படித் தூங்குவது?

சென்னையில் மே மாதம் ராத்திரியிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு, காற்றில் ஈரம் வேறு. பகலில் வெயில் வாங்கிய மாடித்தளம் ராத்திரி சூட்டைக் கீழே விடுகிறது, மேல்மாடிக்காரர்களுக்கு இது தெரியும். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பது, எதிரெதிர் சன்னலைத் திறந்துவைப்பது, ஒரு ஈரத் துண்டைக் கால்மாட்டில் போடுவது கொஞ்சம் உதவும். கொசுவுக்குச் சுருள் புகையைவிட வலை நல்லது, காற்றோட்டம் அதிகம் கெடாத வலையாகப் பாருங்கள்.

என் மகன் ரெண்டு மணிக்குத்தான் தூங்குகிறான், பத்து மணிக்கு எழுகிறான். சோம்பேறித்தனமா?

பெரும்பாலும் இல்லை. பருவ வயதில் உள்கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. விடுமுறையில் ரெண்டு மணி முதல் பத்து மணி வரை அடித்துப்போட்டது போலத் தூங்குகிறான் என்றால் தூங்கும் திறன் கெடவில்லை, நேரம்தான் தள்ளியிருக்கிறது. ராத்திரி பத்துக்கு விளக்கணைத்து ‘படு’ என்று மிரட்டினால் படுக்கையில் தவிப்பதைத்தான் கற்றுக்கொடுப்போம். எழும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி முன்னால் கொண்டுவாருங்கள், எழுந்ததும் வெளியே அனுப்புங்கள். ராத்திரி வீட்டின் பெரிய விளக்குகளை ஒன்பதரைக்கே அணையுங்கள், உங்கள் டி.வி.யும் சேர்த்துத்தான்.

நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கமில்லை.

இதற்கு முழுத் தீர்வு கிடையாது. உடம்புக் கடிகாரத்துக்கு எதிராக வேலை செய்கிறீர்கள். வேலையின் முதல் பாதியோடு காபியை நிறுத்துங்கள். வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போடலாம், ஆனால் கண் சொக்கும் நிலையில் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வருபவரானால் கண்ணாடியும் வேண்டாம், அந்த வண்டியும் வேண்டாம். சன்னலுக்குக் கனமான துணி, காதுக்குப் பஞ்சு, அழைப்பு மணிக்கு ஓய்வு. காலையில் நாலரை மணி, வேலைக்குக் கிளம்புமுன் ஒன்றரை மணி என்று இரண்டாகப் பிரித்துத் தூங்குவதும் பலருக்கு ஒத்துவருகிறது. வாரா வாரம் ஷிப்ட் மாறுவதுதான் மிக மோசம், கேட்க முடிந்தால் ஒரே ஷிப்டில் கூடுதல் நாள் கேளுங்கள்.

தூக்க மாத்திரை போடலாமா? மருந்துக்கடையில் அரை மாத்திரை தருகிறார்கள்.

அல்பிரசோலம், டயஸெபாம், சோல்பிடெம் போன்றவை இந்தியாவில் 2014 முதல் ஹெச்1 அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அப்படியும் சில இடங்களில் கேட்டால் கிடைக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. துக்கம், ஆபரேஷன், கடும் பதற்றம் போன்ற நேரத்தில் சில நாட்களுக்கு மருத்துவர் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. அல்பிரசோலம் வகைக்கு இரண்டு முதல் நான்கு வாரம்தான் பொதுவான வரம்பு. அதற்கு மேல் போனால் உடம்பு பழகிவிடும்; நிறுத்திய இரவு தூக்கமின்மை முன்னைவிடப் பலமாகத் திரும்பும். ‘பார், மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது’ என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அது நிறுத்தியதன் விளைவு.

ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் வாரக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். வயதானவர்களுக்கு ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்து தனி. சளி மாத்திரை, இருமல் மருந்து போட்டுத் தூங்கும் பழக்கமும் அவர்களுக்கு ஆகாது, காலையில் குழப்பம் உண்டாக்கும்.

மெலடோனின்?

அது தூக்க மாத்திரை அல்ல, உடம்பிலேயே சுரக்கும் ஹார்மோன்; ராத்திரி ஆகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மணி. வெளிநாடு போய்வந்த நேரக் குழப்பத்துக்கும், அந்த ரெண்டு மணிப் பையனைப் போன்றவர்களுக்கும் மருத்துவர் சொல்லும் நேரத்தில் எடுத்தால் உதவும். படுக்கையைக் கண்டாலே விழிப்பவர்களுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது.

படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போல, குடைவது போல இருக்கிறது. ஆட்டினால்தான் நிம்மதி.

இதைத் தனியாகக் கவனியுங்கள். ஓய்வாக இருக்கும்போது, அதுவும் ராத்திரியில் கூடி, காலை ஆட்டினால் அல்லது எழுந்து நடந்தால் அடங்குகிறது என்றால் ஓயாக்கால் நோயாக இருக்கலாம். வீட்டில் ‘சும்மா காலை ஆட்டாதே’ என்று திட்டு வாங்கியே பலர் வருஷங்களைக் கழித்துவிடுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு முக்கியக் காரணம். நம் நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதனால் பெண்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம், ஃபெரிட்டின் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தூக்கம் வர என்று போடும் சளி மாத்திரைகள் சில இந்தக் குடைச்சலைக் கூட்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எப்போது மருத்துவரிடம் போவது? எந்த மருத்துவர்?

பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறலும் இருந்தால். நெஞ்செரிச்சல், மூச்சிரைப்பு, வலி, அடிக்கடி சிறுநீர் தூக்கத்தைக் கெடுத்தால். காரணமில்லாமல் எடை குறைந்து, நெஞ்சு படபடத்து, வியர்த்தால் (தைராய்டு பார்க்க வேண்டும்). எடுக்கும் மருந்துகளையும் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு, நீர் மாத்திரை, சில மனச்சோர்வு மருந்துகள் ராத்திரியிலிருந்து காலைக்கு மாறினாலே சிலருக்குத் தூக்கம் திரும்பிவிடுகிறது. நேரத்தை மாற்றுவதை நீங்களாகச் செய்யாதீர்கள்.

முதலில் உங்கள் குடும்ப மருத்துவர். அடுத்து மனநல மருத்துவர் என்றால் பலர் முகம் சுளிக்கிறார்கள், நானும் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தூக்கமின்மையோடு எதிலும் பிடிப்பில்லாமல், செத்துவிடலாம் போன்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். 14416 டெலி-மானஸ் இலவச எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கைக்கடிகாரம் ஆழ்ந்த தூக்கம் நாற்பது நிமிஷம்தான் என்று காட்டுகிறது. பயமாக இருக்கிறது.

கழற்றி மேஜையில் வையுங்கள். தூங்கிய மொத்த நேரத்தைச் சுமாராகச் சொல்லும்; ஆழம், அகலம் பற்றி அது சொல்வதை நம்பிப் பதறினால் அந்தப் பதற்றமே தூக்கத்தைக் கெடுக்கும். எண்ணிக்கையைத் துரத்தித் தூக்கம் கெட்டவர்கள் இருக்கிறார்கள், மருத்துவர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

சரியான பிறகு மறுபடி வருமா?

வரும். எனக்குப் போன மாதம் நாலு நாள் வந்தது, வீட்டில் ஒரு விசேஷத்துக்கு முன்னால். பழைய நானாக இருந்தால் ஐந்தாம் நாள் எட்டரைக்கே படுத்திருப்பேன். இந்த முறை பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து, விசேஷத்துக்குத் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தேன். நூற்றி இருபது பை முடிந்தது. காலையில் வழக்கம் போல ஐந்தரைக்கு எழுந்தேன், மத்தியானம் படுக்கவில்லை. மறுநாள் ராத்திரி பை போட உட்கார்ந்தவன் முப்பதாவதிலேயே தூங்கி விழுந்தேன், வெற்றிலையெல்லாம் மடியில்.